இருபத்தெட்டாவது பதிவு

பிப்ரவரி 3, இரவு

அன்புள்ள சித்திக்கு,

குண்டூசி எழுதுகிறேன். நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். எட்டு மாதமாக இந்த வீட்டில் உன்னைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். தாழ்ப்பாள் சரியாக விழாது. அப்பா இருமினால் பேனாவை மூடிவிடுவேன். வரி பாதியில் நின்றால் அதுதான் காரணம். போனில் பேசினால் பில்லில் உன் ஊர் நம்பர் வந்துவிடும். பதிலை உறையின் பின்னால் உள்ள விலாசத்துக்குப் போடு. அது என்னோடு படிக்கும் நெட்டையின் வீடு. அவள் அம்மா கேட்டால் பேனா நண்பர் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்வாள்.

விஷயம் இதுதான். அப்பா வேலை செய்யும் ஒலிப்பதிவுக்கூடத்தின் முதலாளி, அம்மா நினைவாக ஒரு சி.டி. போடுகிறார். ஒரே ஒரு ராகம். சஹானா ஆலாபனை மட்டும், முழுதாக. அம்மா பாடிய சஹானா அப்பாவிடம் முப்பத்தொன்று இருக்கிறது. மேடையில், வானொலியில், வீட்டில் என்று எல்லாக் காலத்திலும் பாடியவை. அலமாரியில் அம்மா பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்த ஆறு கேசட்டும் அதில் சேர்த்தி. நீ வந்து கேட்டாயே, அதே டப்பாதான். "அக்கா போய் ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள கேசட் கேக்க வந்துட்டா" என்று அப்பா கத்தினாரே, அதே டப்பா.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி எண் போட்டுவிட்டார். டப்பாவில் இருந்தவைதான் கடைசி ஆறு எண். போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு ஹெட்போனைத் தலையில் மாட்டினார்.

"என் காது மரத்துப்போச்சு. எத கேட்டாலும் மெஷின் இரைச்சல்தான் முதல்ல காதுல விழுது. நீ கேட்டு ஒண்ணு சொல்லு."

"நான் எப்படிப்பா?"

"உங்கம்மா குரல் உனக்குத் தெரியாதா என்ன?"

தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

சித்தி, தெரியவில்லை. தினமும் பள்ளிவிட்டு வந்து கேட்கிறேன். பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறேன். ஏழாம் எண்ணுக்குத் திங்கட்கிழமை நாலு போட்டேன். புதன்கிழமை மறந்துபோய் அதையே கேட்டு ஒன்பது போட்டிருக்கிறேன். ஆலாபனையில் வார்த்தையே இல்லை. வார்த்தை இருந்தாலாவது அம்மா சொல்லும் விதத்தில் கண்டுபிடிப்பேன். பதினைந்துக்குப் பிறகு யாரோ ஒரு அம்மாள் பக்கத்துத் தெருவில் பாடுவது போல இருக்கிறது.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா ஆறு மாதம் பேசவே இல்லை அல்லவா. எல்லாம் நோட்டில்தான். 'சாப்பிட்டாயா', 'ரிப்பன் எங்கே', 'சத்தம் போடாதே, அப்பா தூங்குகிறார்'. எனக்கு அம்மாவின் கையெழுத்து கண்ணுக்குள் இருக்கிறது. குரல் காதில் இல்லை. பெற்ற அம்மாவின் குரலை ஒரு பெண் மறப்பாளா? இதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியவே கூடாது.

இந்த மாதம் 28-ஆம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும். உனக்குத்தான் அம்மா பாட்டு அத்தனையும் தெரியும். எந்த எண் என்று நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் குண்டூசி


பிப்ரவரி 8

என் செல்லக் குண்டூசிக்கு,

உன் கடிதம் கடைக்கு வந்தது. மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் வில்லை பொருத்திக்கொண்டிருந்தவள், உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஒரு பெரியவரின் வில்லையை இடம் வலம் மாற்றிப் பொருத்திவிட்டேன். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நீ ரெண்டு பேரா தெரியுற" என்றார். முதலாளி முறைத்தார்.

நீ குளியலறையில் உட்கார்ந்து எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. கால் மரத்துவிடும். அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுவது அதைவிடப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதாதே என்று சொல்ல மனம் வரமாட்டேன் என்கிறது.

குரல் மறந்துபோனதற்கு அழாதே. எல்லாருக்கும் குரல்தான் முதலில் மறக்கும். நீ ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.

எந்த எண் என்று கேட்டிருக்கிறாய். நான் கேட்காமல் எப்படிச் சொல்வது? ஒன்று முதல் இருபத்தைந்துக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடு. எல்லாமே நல்ல நாளில் பாடியவை, எதைச் சொன்னாலும் தப்பில்லை. பிஸ்கட் டப்பாவில் இருந்த ஆறையும் விட்டுவிடு. அவை சும்மா பழகுவதற்காகப் பாடியவை, சி.டி.க்கு ஆகாது. அப்பாவிடமும், "அதுல இரைச்சல் அதிகம்ப்பா" என்று நைசாகச் சொல்லிப் பார்.

பாடத்தைக் கவனி. பால் குடி.

அன்புடன்,
சித்தி


பிப்ரவரி 12, இரவு

அன்புள்ள சித்திக்கு,

நீ சொன்னபடியே சொன்னேன். நடந்தது வேறு.

அப்பா எப்படி வேலை செய்கிறார் என்று முதலில் சொல்கிறேன். ஒவ்வொரு கேசட்டையும் மெஷினில் போட்டு, ஆரம்பத்தில் பேச்சு இருந்தால் ஒலியைக் குறைத்து ஓட்டிவிட்டு, சுருதிப்பெட்டியின் சத்தத்தை மட்டும் கேட்பார். அது அம்மாவின் சுருதியான ஐந்து கட்டைக்குச் சரியாக நிற்கும்வரை வேகக் குமிழைத் திருப்புவார். பழைய மெஷின்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடியிருக்குமாம். "உங்கம்மா அஞ்சு கட்டைலருந்து ஒரு நூல்கூட இறங்கினதில்ல. கேசட் இறங்கியிருந்தா அது மெஷின் கோளாறு" என்பார். பிறகு ஒலியை அணைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். முன்னாலும் பின்னாலும் பேச்சு வரும் இடங்களைத் திரையில் தெரியும் கோடுகளைப் பார்த்தே வெட்டிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "அவ பாடுறத கேட்டுடுவேன். பேசுறத கேக்க முடியாது" என்றார்.

டப்பாவில் இருந்த ஆறும் மகா மோசமாம். "எந்த ஓட்டை மெஷின்ல பதிஞ்சாங்களோ, முழுசா ஒரு கட்டை இறங்கியிருக்கு" என்று ஏற்றும்போதே திட்டிக்கொண்டு குமிழைத் திருகினார். அதனால் நானும் தைரியமாக, டப்பாவில் இருந்தவை வேண்டாம், இரைச்சல் என்றேன்.

"நீ இருபத்தெட்ட ஒழுங்கா கேட்டியா?" என்றார்.

போட்டுக் காட்டினார். மெல்லிய குரல். சின்னப் பெண் துள்ளிக்கொண்டு ஓடுவது போல இருக்கிறது. பக்கவாத்தியம் இல்லை, சுருதிப்பெட்டி மட்டும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் சிரித்தார், சித்தி. அவர் பல் தெரியச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? "இது கல்யாணத்துக்கு முன்னாடி பாடினது. பத்தொம்பது, இருபது வயசு இருக்கும். நான் பாக்காத வயசு. டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா பாரு" என்றார். சி.டி. அட்டையில் அப்படியே அச்சடிக்கப் போகிறாராம்.

எனக்கு அது அம்மா இல்லை என்று தோன்றுகிறது. மற்றவற்றில் அம்மாவா இல்லையா என்று குழம்புகிறேன். இதில் மட்டும் இல்லை என்று உள்ளே ஏதோ சொல்கிறது. அது நீயா? உன் குரல் மெல்லியதுதானே. அதனால்தான் டப்பாவைக் கேட்டு வந்தாயா?

நீயாக இருந்தால் நான் என்ன செய்வது? அம்மா பெயர் போட்டு உன் பாட்டு வந்தால் அது பொய் இல்லையா? அப்பாவிடம் அது சித்தி என்று சொன்னால்

(இருமினார். தண்ணீர் குடிக்க எழுந்தாராம். போய்விட்டார். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு.)

சீக்கிரம் பதில் போடு.

உன் குண்டூசி


பிப்ரவரி 16

குண்டூசி,

இரண்டு நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். இது நாலாவது தாள்.

அது நான் இல்லை. உன் அம்மாதான். ஆனால் பத்தொன்பது வயதில் பாடியது இல்லை. போன வருடம், ஆபரேஷனுக்குப் பிறகு, என் வீட்டு முன்னறையில் பாடியது.

சனிக்கிழமைதோறும் ஓய்வெடுக்க என் வீட்டுக்கு வருவாளே, நினைவிருக்கிறதா? முதல் சனிக்கிழமை தூங்கினாள். இரண்டாவது சனிக்கிழமை சுருதிப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் தடுத்தேன். "கால் மணி நேரம். தொண்டை என்னுது" என்றாள். டாக்டர் பேசவே கூடாது என்று சொல்லியிருந்ததை நினைவுபடுத்தினேன். "டாக்டருக்கு சஹானா தெரியுமா?" என்றாள். உன் அம்மாவோடு வாதாடி யார் ஜெயித்தார்கள்?

ஐந்து கட்டையில் குரல் எழும்பவில்லை. நாலு கட்டைக்கு இறக்கி வைத்துக்கொண்டாள். அத்தானிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். பாடியதை மறைப்பதைவிட, இறக்கிப் பாடியதை மறைப்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியது, குண்டூசி. அத்தான் அவள் நாலு கட்டையைத் திருகி ஐந்தாக்கியிருக்கிறார். வேகம் கூடினால் யார் குரலும் சின்னப் பெண் குரல் ஆகிவிடும்.

அசல் கேசட்டை உன் சின்ன டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டால் உனக்கே தெரியும். கேள் என்று சொல்லவில்லை. தெரியும் என்று சொல்கிறேன்.

பாடியதால்தான் போய்விட்டாளா என்று நான் டாக்டரிடம் கேட்டதில்லை. கேட்க தைரியம் வரவில்லை. டப்பாவைக் கேட்டு வந்தது இதனால்தான். அதை அத்தான் கேட்டுவிட்டால் என்னை மட்டுமில்லை, அவளையும் மன்னிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

பழைய பதிவு ஒன்றைக் காட்டி, இருபத்தெட்டு வேண்டாம் என்று எப்படியாவது சொல்லிவிடு. மற்றதெல்லாம் நமக்குள் இருக்கட்டும்.

சித்தி


பிப்ரவரி 20, இரவு

சித்திக்கு,

கேட்டேன்.

ஆங்கிலப் பாடக் கேசட் கேட்கும் டேப் ரெக்கார்டரில், போர்வைக்குள் வைத்துக் கேட்டேன். முழுவதும் கேட்கவில்லை. ஆரம்பம் மட்டும். சுருதிப்பெட்டி போடும் முன்னால் ஒரு குரல், "அந்த ஜன்னல சாத்துடி, பஸ் சத்தம் விழுது" என்றது. கொஞ்சம் கரகரப்பு. 'டி' சொல்லும்போது ஒரு சின்ன அலட்சியம்.

அம்மா.

அதைத் திருப்பித் திருப்பிப் பதினோரு முறை போட்டேன். பிறகுதான் பாட்டுக்குப் போனேன். மெதுவாக, தடவித் தடவிப் போகிறாள். ஒரு இடத்தில் குரல் பிசிறுகிறது. அதை விட்டுவிட்டு வேறு வழியில் வருகிறாள். இருட்டில் தெரிந்த வீட்டுக்குள் நடப்பது போல இருக்கிறது. பாதியில் அப்பா அறையில் விளக்கு எரிந்தது, நிறுத்திவிட்டேன்.

குரல் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? எனக்குச் சந்தோஷமா, என்ன என்று புரியவில்லை. நான் ஆறு மாதம் நோட்டில் எழுதி எழுதிக் காட்டினேன். பரீட்சையில் முதலாவதாக வந்ததைக்கூட எழுதித்தான் காட்டினேன். அம்மா தலையை ஆட்டினாள். அந்த வாரம்தான் உன் வீட்டில் ஜன்னலைச் சாத்தச் சொன்னாளா?

அப்பா தினமும் சாப்பிட்ட பிறகு இருபத்தெட்டைப் போடுகிறார். தாளம் போடுகிறார். இப்போது அதைக் கேட்டால் எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். உன்மேல் இருக்கும் கோபம் ஆயுளுக்கும் தீராது. சொல்லாவிட்டால் அம்மா படம் போட்ட அட்டைக்குள் அம்மா இல்லாத ஒரு குரல் போகும், எல்லாரும் அதைக் கேட்டு ஆகா என்பார்கள். அம்மா மறைத்ததை நான் சொல்லலாமா? அம்மா ஏன் மறைத்தாள் என்பதே எனக்குச் சரியாகப் புரியவில்லை.

28-ஆம் தேதிக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. என்ன செய்ய?

குண்டூசி


பிப்ரவரி 23

குண்டூசி,

அவசரமாக எழுதுகிறேன். கடையில் கூட்டம்.

சொல்லாதே. உன் காலில் விழுவதாக வைத்துக்கொள். நீ சின்னவள், இதைச் சுமக்க வைத்தது என் தப்பு. பன்னிரண்டோ பதினாலோ ஒன்றைச் சொல்லி முடித்துவிடு. அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இருபத்தெட்டே போகட்டும். கேட்கிறவர்களுக்கு என்ன தெரியப் போகிறது?

ஜன்னலைச் சாத்தியது எந்த வாரம் என்று கேட்டிருக்கிறாய். எனக்கு நினைவில்லை.

சித்தி


மார்ச் 2, மத்தியானம்

அன்புள்ள சித்திக்கு,

நீ சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன்.

தைரியம் வந்து சொல்லவில்லை. இருபத்தேழாம் தேதி அப்பா அட்டைக்கு எழுதி வைத்திருந்ததை வாசிக்கச் சொன்னார். 'பத்தொன்பது வயதில்' என்று இருந்தது. அதற்குமேல் வாசிக்காமல் தாளைக் கீழே வைத்துவிட்டேன். "என்னடி?" என்றார். நான் எழுந்து போய் டேப் ரெக்கார்டரை எடுத்துவந்து, அவர் மேசையில் வைத்துப் போட்டுவிட்டேன். ஜன்னலைச் சாத்தச் சொல்வதைத் தாண்டி, பாட்டிலிருந்து போட்டேன்.

கொஞ்ச நேரம் கேட்டார். "மெஷின் ஸ்லோவா ஓடுது. பேட்டரியப் பாரு" என்றார்.

"புது பேட்டரிப்பா."

"அப்ப பெல்ட் தேஞ்சிருக்கும்."

அதை எடுத்துவிட்டு என் ஆங்கிலப் பாடக் கேசட்டைப் போட்டேன். "இந்த ஆளு சரியா பேசுறாரா?" என்று கேட்டேன். "சரியாத்தான் பேசுறான்" என்றார். மறுபடி அம்மாவைப் போட்டேன்.

அப்பா நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் கேட்காமல் விட்டிருந்த பாதியையும் கேட்டோம். கடைசியில் அம்மா கீழே இறங்கி வரும்போது, தெருவில் ஒரு ஹாரன். சின்னதாக இரண்டு தடவை. பாட்டு சட்டென்று நின்றது. "வந்துட்டார். நிறுத்துடி" என்றாள் அம்மா. டக்கென்று கேசட் முடிந்தது.

"அது என் வண்டி" என்றார் அப்பா.

இதை நீ எனக்குச் சொல்லவில்லை. அம்மாவைக் கொண்டுவந்து விட்ட பிறகு அப்பா வீட்டுக்குத் திரும்பாமல் தெருக்கோடியில் வண்டியில் உட்கார்ந்திருப்பாராம். மேலே வந்தால் அம்மாவின் தூக்கம் கெடும் என்று. கண்ணாடியை ஏற்றிவிட்டு ரேடியோ கேட்பாராம். "மூணு மணி நேரம் கீழயே இருந்திருக்கேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு, "அஞ்சு கட்டைலருந்து இறங்கமாட்டா, இறங்கமாட்டான்னு நான்தான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டு திரிஞ்சேன்" என்றார்.

பாடினதால்தான் அம்மா போய்விட்டாளா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆறு மாதம்தான் என்று டாக்டர் முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டாராம். பேசினாலும் பேசாவிட்டாலும் அவ்வளவுதானாம். "ஆனாலும் பேசாம இருந்தா ஒருவேளை ஒரு மாசம் கூட கிடைக்கும்னு நினைச்சேன்" என்றார். நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இனிமேல் அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். "சித்தி எழுதினாங்க" என்றேன். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "லெட்டர் போடுறதா இருந்தா ஸ்டாம்ப் என் மேசையில இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். உன்னைத் திட்டவில்லை. நல்லதாகவும் ஒன்றும் சொல்லவில்லை.

சி.டி.க்குப் பன்னிரண்டு போயிருக்கிறது. நான்தான் சொன்னேன். மேடையில் பாடியது, ஐந்து கட்டை, சபையில் கைதட்டல் கேட்கிறது. அம்மா ஊருக்கென்று பாடியது ஊருக்குப் போகட்டும் என்று தோன்றியது. சரியா என்று தெரியவில்லை. அப்பா இருபத்தெட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டார். கேசட்டை என்னிடமே கொடுத்துவிட்டார்.

சித்தி, இப்போது நான் ஒளிந்துகொண்டு எழுத வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை எழுத உட்கார மூன்று நாள் ஆயிற்று. உன்மேல் எனக்குக் கோபமா, அப்பாமேல் கோபமா, அம்மாமேலேயே கோபமா என்று தெரியவில்லை. அம்மா உன்னிடம் பேசியிருக்கிறாள். அப்பா தெருக்கோடியில் காவல் இருந்திருக்கிறார். எனக்கு ஒரு நோட்டு. இதில் யார் என்னை ஏமாற்றினீர்கள் என்று யோசித்தால் ஒருவரும் இல்லை போலவும் இருக்கிறது, எல்லாரும் போலவும் இருக்கிறது. உன்னை வந்து பார்க்கட்டுமா என்று எழுதினேன், அடித்துவிட்டேன். அடித்தது தெரியும், அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் செய். அந்தச் சனிக்கிழமைகளில் அம்மா என்னென்ன பேசினாள் என்று எழுதி அனுப்பு. பாடியது வேண்டாம், அது கேசட்டில் இருக்கிறது. பேசியது. தண்ணீர் கேட்டது, பஸ்ஸைத் திட்டியது, உன்னை ஏசியது, எல்லாம். அழகாக்கி எழுதாதே, சொன்ன மாதிரியே எழுது. என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் எழுது. சொல்லவே இல்லை என்றால், சொல்லவில்லை என்று எழுதிவிடு. நீயாக ஒன்றைச் சேர்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். அம்மா எப்படிப் பேசுவாள் என்று எனக்கு இப்போது தெரியும்.

இப்படிக்கு,
குண்டூசி